கொம்பியூட்டர் சபையின் கொக்குவில் கிளை

சிவமயம்

கொக்குவில்,
ஐப்பசி, 1994.

அன்புள்ள மருமகன் சண்முகநாதனுக்கு மாமா சிவசுப்பிரமணியம் ஆசி கூறி எழுதுவது.

நல்லூரானின் கிருபையால் நானும் உம்முடைய மாமி குணலட்சுமியும் இந்த நாட்களில் ஒரு மனிசர் எவ்வளவு சுகமாக இருக்கலாமோ அவ்வளவு சுகமாக இருக்கிறோம். நீரும் அந்தக் குளிர் தேசத்தில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்கவேண்டுமென்று மாமி விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிடுகிறா. உம்முடைய கடிதம் கிடைத்தது. சித்திரையில் நீர் எழுதினது, கொழும்பில் ஆரோ ஒருவரின் பெட்டிக்குள் படுத்திருந்து, பேந்து இன்னொருவரின் சேர்ட் பொக்கற்றில் கிளாலிக் கடலைத் தாண்டி, நனைந்து காய்ந்து, ஆடிப்பிறப்பன்று கூழ் காய்ச்சுகிற நேரத்தில் எங்கள் படலைக்கு வந்து சேர்ந்தது. நான் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்த காலத்தில் ஒரு ரயில் பத்து நிமிடம் பிந்தினால் மேலிடத்துக்கு விளக்கம் எழுதவேண்டும். உந்தக் கடிதத்துக்கு ஆரிடம் போய் விளக்கம் கேட்கிறது? ஆனாலும் வந்ததே, அது பெரிய காரியம். உமக்கும், அதைச் சுமந்து வந்த அந்த முகம் தெரியாத மனிசனுக்கும் நன்றி. கடைசியில் உமக்கு ஒரு வருத்தமான செய்தியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பயப்படாதேயும், ஆருக்கும் ஒன்றுமில்லை. ஆறுதலாக வாசியும்.

கனடாவிலும் லண்டனிலும் நோர்வேயிலும் இருக்கிற, எங்கள் ஒழுங்கையிலே புழுதி கிளப்பி ஓடித் திரிந்த பிள்ளைகள் எல்லாரும் தங்கள் தங்கள் கொம்பியூட்டரை ரெலிபோன் கம்பியில் கொளுவி, ஒருவர் எழுதுவதை மற்றவர்கள் வாசித்து, மறுமொழி எழுதி, கடைசியில் வாக்கும் போட்டு ஊர் விசயங்களைத் தீர்மானிக்கிற ஒரு சபை தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தீர். அதிலே தலைவர் இல்லை, முன்வரிசைக் கதிரை இல்லை, பொன்னாடை இல்லை, எல்லாரும் சமம் என்றும், ஊரில் இருக்கிறவர்களும் சேர்ந்தால்தான் அது மெய்யான சனநாயகம் என்றும், ஆனபடியால் மாமா, நீங்கள் அங்கே ஒரு கிளை தொடங்கவேண்டும் என்றும் கேட்டிருந்தீர். தம்பி, எனக்குக் கண் கலங்கிப் போச்சு. தண்டவாளமே இல்லாமல் போன ஒரு ஊரில் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரருக்கு ஆர் வேலை தரப்போகினம்? நான் கடிதத்தை உரத்து வாசித்தேன். மாமி கூழ் அகப்பையோடு குசினி வாசலில் நின்று கேட்டுவிட்டு, "உவனுக்கு இஞ்சை கறண்ட் நிண்டு நாலு வருசம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ? ரெலிபோன் கம்பியிலை நான் உடுப்பெல்லோ காயப்போடுறன்" என்றா. நான் சொன்னேன், "இஞ்சை பார், உவன் கேட்டது கொம்பியூட்டர் இல்லை. சனம் கூடிக் கதைச்சு ஒரு முடிவெடுக்கிறதைத்தான். அதுக்கு ஏன் கறண்ட்?" சொல்லும்போது சுகமாகத்தான் இருந்தது.

முறைப்படி முதலில் ஏரம்பு அண்ணையிடம் போனேன். நீர் பிறக்க முதலே எங்கள் சனசமூக நிலையத்துக்குத் தலைவராக வந்தவர், இன்றைக்கும் அவர்தான் தலைவர். ஒவ்வொரு ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் "எனக்கு இனி ஏலாது, ஆராவது இளம்பிள்ளையள் வாருங்கோ" என்று எழும்புவார். எல்லாரும் கெஞ்சுவார்கள். மூன்றாம் தரம் கெஞ்சினதும் இருந்துவிடுவார். ஒருமுறை விபரம் தெரியாத ஒருவர் முதல் தரத்திலேயே "சரி அண்ணை, உங்களுக்கும் ஓய்வு வேணும்தானே" என்று சொல்லிப்போட்டு, பிறகு அவருடைய வளவால் சைக்கிளில் போக வழியில்லாமல் சுற்றிப் போனவர். அப்படிப்பட்ட மனிசனிடம் நான் தலைவர் இல்லாத சபையைப் பற்றி விளக்கப் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்று கேட்டார். "எல்லாம் சரி மாஸ்ரர். உந்தக் கொம்பியூட்டருக்குத் தலைவர் ஆர்?"

"தலைவர் இல்லை அண்ணை."

"அப்ப கூட்டம் முடிஞ்சதெண்டு ஆர் சொல்லுறது?"

இதற்கு எனக்கு மறுமொழி தெரியவில்லை. நீரும் கடிதத்தில் எழுதவில்லை. அடுத்த முறை எழுதும்.

கொம்பியூட்டருக்குப் பதிலாக எங்கள் நிலையத்து வாசிகசாலையின் றோட்டுப் பக்கச் சுவரைப் பிடித்தேன். சுண்ணாம்பு அடித்து, கரித்துண்டு ஒரு பேணிக்குள் போட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். "வணக்கம். இது எல்லாருடைய சுவர். ஊர் விசயம் ஆரும் எழுதலாம், கீழே மறுமொழியும் எழுதலாம். பெயர் போடவேண்டும்" என்று நடுச்சுவரில் வடிவாக எழுதிவிட்டு வந்தேன். ஒருத்தரும் எழுதமாட்டார்கள் என்று மாமி சொன்னா. விடியப் போய்ப் பார்த்தால் சனம் நிற்குது! முதல் மறுமொழி: "சைக்கிள் டைனமோ ஒன்று விற்பனைக்கு உண்டு. பின்னேரம் வரவும்." இரண்டாவது: "என்னுடைய தேங்காய்த் திருவலையை வாங்கினவர்கள் திருப்பித் தரவும்." மூன்றாவது பக்கத்து வீட்டு நல்லம்மா: "ஏரம்பு அண்ணையின் மாடு என்னுடைய கீரைப்பாத்தியைத் துப்பரவாக மேய்ந்துபோட்டுது. இதை முகத்துக்கு நேரே சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்." முகத்துக்கு நேரே சொல்ல ஏலாதாம். ஒழுங்கை முழுக்க வாசிக்கிற சுவரில் எழுதலாமாம்! ஆனால் எனக்குச் சந்தோசம். நாலு வருடமாக வேலியால் முணுமுணுத்த மனிசி இப்போது பெயர் போட்டு எழுதிவிட்டா.

ஏரம்பு அண்ணை வந்தார். வாசித்தார். கரித்துண்டை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். என்னவென்று கேட்டால், "நான் நல்லம்மா எழுதினதுக்குக் கீழை எழுதுறதோ?" என்றார். வீட்டில் போய் ஏணி கொண்டுவந்து, எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நின்று, "என் மாடு கட்டின இடத்திலேயே நின்றது" என்று எழுதினார். அதைப் பார்த்துவிட்டு, கூட்டுறவுச் சங்கத்து மனேச்சர் அவருக்கும் மேலே எழுதினார். அதற்குப் பிறகு ஒரு குஞ்சும் கீழே எழுதவில்லை. எல்லாரும் மற்றவனுக்கு மேலே எழுத ஏணியைப் பிடிக்க, கதை சுவரில் கீழிருந்து மேலே வளர்ந்துகொண்டே போச்சு. புதினம் அறிய விரும்பினவர்கள் முதலில் கூரையடியைப் பார்க்கவேண்டும், பிறகு படிப்படியாகக் கீழே வந்து என்ன நடந்தது என்று விளங்கவேண்டும். உம்முடைய கொம்பியூட்டரில் இந்தக் கரைச்சல் இருக்காது என்று நினைக்கிறேன்.

இனி முக்கியமான விசயத்துக்கு வாறன். உம்முடைய கடிதத்திலே உங்கள் சபை எங்களிடம் கேட்ட முதலாவது கேள்வி, வாசிகசாலையைத் திரும்பப் பெற்று, திருத்தி, புத்தகமும் பேப்பரும் போட்டுப் பழையபடி நடத்தலாமா என்பது. வெளிநாட்டில் இருக்கிற நீங்கள் அனைவரும் "ஓம்" என்று வாக்குப் போட்டுவிட்டதாகவும், எங்களுடைய வாக்குத்தான் மிச்சம் என்றும் எழுதியிருந்தீர். நல்ல நோக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் வாசிகசாலைக்குள்ளே மக்டலீன் இருக்கிறா. நீர் போன பிறகு வந்தவ, உமக்குத் தெரியாது. தீவுப்பக்கம். தொண்ணூறில் உடுத்த உடுப்போடு வந்தவர்கள். புருசன் நீக்கிலாப்பிள்ளை கடலில் மீன்பிடித்து நின்ற மனிசன், இப்போது நீர்வேலியில் வாழைத்தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போகிறான். மாமியார் செபஸ்தியம்மாவும் மூன்று பிள்ளைகளும். வாசிகசாலை மண்டபத்தைச் சீலையால் மறைத்து, பேப்பர் வாசிக்கிற மேசையில் பிள்ளைகளைப் படிக்க வைத்து, நாலு வருடமாக அதுதான் அவர்களின் வீடு. இதைத் தவிர போக இடமில்லை. பள்ளிக்கூடங்களில் இருக்கிற அகதிகளுக்கே படுக்க இடமில்லாமல் இருக்குது. மாரி தொடங்கினால் அந்தக் குடும்பம் மரத்துக்குக் கீழேதான்.

நானோ சட்டப்படி நடக்கிற ஆள். உம்முடைய கேள்வியை எழுத்துப் பிசகாமல் சுவரில் எழுதினேன். எந்தச் சுவரில்? அவவுடைய வீட்டுச் சுவரில். எழுதிக்கொண்டிருக்கும்போது மக்டலீன் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு சொல்லாக வாசித்தா. வாசித்து முடிந்ததும், "ஐயா, உதுக்கு நானும் மறுமொழி எழுதலாமோ?" என்றா.

என்ன கோதாரி! நான் என்ன சொல்கிறது? உம்முடைய கடிதத்தில் 'எங்கள் ஊரைச் சேர்ந்தவர்கள்' என்று இருக்கிறது. "பிள்ளை, இது ஊரவையின்ரை சபை" என்று சொல்லிப்போட்டேன். சொன்ன வாயை அப்படியே பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அவ பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினா. "சரி ஐயா. வெயிலுக்கை நிக்கிறியள், தண்ணி தரட்டோ?" என்று கேட்டா. அந்தத் தண்ணியைக் குடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

புரட்டாதியில் கூட்டம் வைத்தோம். எங்கே வைக்கிறது? வாசிகசாலை மண்டபத்தில்தான், வேறு மண்டபம் இல்லை. அதாவது மக்டலீனைக் கிளப்புவதா இல்லையா என்று தீர்மானிக்கிற கூட்டம் மக்டலீனுடைய வீட்டுக்குள்ளே. அவவோ, வீட்டுக்கு ஆள் வந்தால் சும்மா அனுப்பக்கூடாது என்று எல்லாருக்கும் பனங்கட்டியோடு தேத்தண்ணி ஊற்றித் தந்தா. நீக்கிலாப்பிள்ளை தோட்டத்தில் கொடுத்த கதலி வாழைப்பழச் சீப்பை நடுவில் வைத்தான். சனம் குடிச்சுது, தின்றுது. பிறகு நான் எழும்பி, தொண்டையைச் செருமி, "வாசிகசாலையைத் திரும்ப எடுக்கவேணும் எண்டிறவை கையை உயர்த்துங்கோ" என்றேன். ஏரம்பு அண்ணை தலைவர் கதிரையில் இருந்து எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். நிலையத்தின் சொத்து, அவர் பொறுப்பு, அவருடைய கை முதலில் போச்சு. எல்லாரும் கை உயர்த்தினார்கள். சரி, விசயம் முடிஞ்சுது என்று நினைத்து, முறைக்காக "மக்டலீன் ஆக்கள் இருக்கட்டும் எண்டிறவை?" என்றேன். மக்டலீன் தேத்தண்ணிக் கேத்திலோடு வாசலில் நிற்கிறா. மறுபடியும் எல்லாரும் கை உயர்த்தினார்கள். ஏரம்பு அண்ணை உட்பட!

"என்ன இது? இரண்டு பக்கமும் உயர்த்த ஏலாது!" என்று நான் கத்தினேன். நல்லம்மா சொன்னா, "மாஸ்ரர், ஏரம்பு அண்ணை முன்னுக்கு இருக்கிறார், உயர்த்தாட்டில் என்ன நினைப்பார்? அந்தப் பிள்ளையின்ரை தேத்தண்ணியையும் குடிச்சுப்போட்டு உயர்த்தாமல் இருக்கிறது என்ன மாதிரி?" எல்லாரும் "ஓமோம், அதுதானே" என்றார்கள். மருமகன், நான் சொல்கிறதைக் கேளும். எங்கள் சனத்துக்குச் சனநாயகம் விளங்காமல் இல்லை. முகத்தை முறிக்கத்தான் ஏலாது. அந்த நேரம் பார்த்து ஹெலிகொப்ரர் சத்தம் கேட்க, உயர்த்தின கையோடேயே எல்லாரும் பின்வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடிப் பாய்ந்தோம். அது சிலிப்பர் கட்டை அடுக்கின பங்கர். நான் விசில் ஊதின தண்டவாளத்துக்குக் கீழே கிடந்த கட்டைகள்தான் என்று எனக்குத் தெரியும், பார்க்கவே மனம் வராது, ஆனால் அன்றைக்குத் தலைக்கு மேலே அவை இருந்ததற்கு நன்றிதான் சொன்னேன். ஒருத்தர் மடியில் ஒருத்தர் இருக்கிற அந்த நெருக்கத்துக்குள்ளே, செபஸ்தியம்மா செபமாலை உருட்ட, பக்கத்தில் மாமி தேவாரம் முணுமுணுக்க, ஏரம்பு அண்ணை இருட்டுக்குள் எழும்ப முயற்சித்துத் தலையை இடித்துக்கொண்டு, "கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்று அறிவித்தார். கூட்டம் முடிந்ததென்று சொல்ல ஆள் வேண்டும் என்று அந்த மனிசன் சொன்னது சரிதான்.

வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தேன். மாமிதான் வழி சொன்னா. "கையை விடுங்கோ. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை குடுங்கோ. ரெண்டு மண்முட்டி வையுங்கோ. சீலையாலை மறையுங்கோ. ஆர் எதுக்கை போட்டதெண்டு கடவுளுக்குத்தான் தெரியும்." பாரும், பேப்பர் இல்லாத ஊரில் வாக்குச்சீட்டு! எனக்கு முப்பது வருடமாகச் சமைத்துத் தருகிற மனிசிக்குள் ஒரு தேர்தல் ஆணையாளர் இருந்திருக்கிறா. வலது முட்டி திரும்ப எடுக்க, இடது முட்டி இருக்க விட. அடுத்த ஞாயிறு ஒவ்வொருவராகச் சீலைக்குப் பின்னால் போய் வந்தார்கள். வெளியே வரும்போது ஒவ்வொரு முகமும் கள்ள மாங்காய் தின்ற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. ஏரம்பு அண்ணை போன கையோடு வந்து, "என்ரை முடிவு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நிலையத்தின்ரை சொத்து நிலையத்துக்கு" என்று உரத்துச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

முட்டிகளைக் கவிழ்த்தேன். வலது முட்டியில் ஒன்றுமில்லை. வடிவாகத் தட்டிப் பார்த்தேன், கையை விட்டுத் தடவியும் பார்த்தேன். எல்லாக் கொட்டையும் இடது முட்டிக்குள்ளே!

எல்லாருடைய கண்ணும் மெல்ல மெல்ல ஏரம்பு அண்ணையின் பக்கம் திரும்பினது. மனிசன் சிவந்து போனார். "ஆரோ என்ரை கொட்டையை மாத்திப் போட்டுட்டாங்கள்! இது கள்ள வாக்கு!" என்று துள்ளினார். நல்லம்மா சிரிக்கத் தொடங்கினா. பிறகு மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அவரும் பாவம், எவ்வளவு நேரம்தான் துள்ளுவார்? சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரும் சிரித்துவிட்டார். நாலு வருடமாக இந்த ஒழுங்கையில் இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை, தம்பி. இதற்காகவே உமக்கு ஆயிரம் நன்றி. நீர் அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால், எங்கள் மனம் நல்ல மனம் என்பது எங்களுக்கே தெரியாமல் போயிருக்கும்.

ஆனால் மக்டலீன் சிரிக்கவில்லை. நான் போய், "பிள்ளை, சந்தோசம்தானே? இனி ஒருத்தரும் கிளப்பமாட்டினம்" என்றேன். அவ சொன்னா, "நன்றி ஐயா. எல்லாருக்கும் நன்றி. ஆனால் எங்களுக்கு ஒரு கொட்டையும் தரேல்லையே."

"உங்களுக்காகத்தானே பிள்ளை எல்லாரும் போட்டது!"

"நீங்கள் போட்டு நாங்கள் இருக்கிறது வேறை ஐயா. நாங்களும் போட்டு இருக்கிறது வேறை. இண்டைக்கு உங்கடை மனம் நல்லாயிருக்குது. நாளைக்கு மாறினால் நாங்கள் திரும்பவும் கேத்திலோடை வாசலிலைதான் நிக்கவேணும்."

அதற்கு ஆர் கதைத்தது தெரியுமோ? ஏரம்பு அண்ணை. "அப்ப ஆர் ஊரவை எண்டு முதல்லை ஒரு சட்டம் போடவேணும்" என்றார். எழும்பி நின்று, "இரவிலை இந்த ஒழுங்கையிலை படுத்து எழும்பிறவை எல்லாரும் ஊரவை. அவைக்கு எல்லாம் ஆளுக்கொரு கொட்டை" என்று பிரேரித்தார். என்ன எடுப்பான வசனம்! நான் வழிமொழிந்தேன். அதற்கும் முட்டி வைத்து, அதுவும் நிறைவேறிச்சு. மக்டலீனும் நீக்கிலாப்பிள்ளையும் செபஸ்தியம்மாவும் அன்றிலிருந்து எங்கள் சபையின் முழு உறுப்பினர்கள். மக்டலீன் அப்போதுதான் சிரித்தா. பேப்பரும் புத்தகமும் என்னுடைய விறாந்தையில் வைத்து வாசிக்கலாம் என்றும், இருந்து வாசிக்க வாங்குப் பலகைகளை நான் தருவேன் என்றும் பெருமையோடு அறிவித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் மாமி நின்றா. "ஏனப்பா," என்றா, "அப்ப சண்முகநாதன்?"

நான் ஒழுங்கையிலேயே குந்திவிட்டேன். நீர் இரவில் படுக்கிறது கனடாவில்!

இதுதான் நான் மேலே சொன்ன வருத்தமான செய்தி, மருமகன். எங்கள் சட்டப்படி நீர் இனி இந்தச் சபையின் உறுப்பினர் இல்லை. நீர் மட்டுமில்லை, கனடா, லண்டன், நோர்வே முழுக்க இல்லை. வாசிகசாலையைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று நீங்கள் போட்ட வாக்குகள் எல்லாம் செல்லாது. சபையைத் தொடங்கினதே நீர், உம்மையே விலத்திப்போட்டு உம்மிடமே வந்து சொல்கிறேன், எனக்கு எவ்வளவு அந்தரமாக இருக்கும் என்று யோசித்துப் பாரும். ஆனால் சட்டம் சட்டம்தான். சொந்த அண்ணனையே ரிக்கற் இல்லாமல் பிளாற்போமுக்குள் விடாத மனிசன் நான். நீங்கள் எங்களுக்கு எழுதலாம், யோசனை சொல்லலாம், பேப்பரும் பேனையும் அனுப்பலாம், நன்றியோடு வாசிப்போம். கொட்டை மட்டும் தர ஏலாது. கோவியாதேயும். வாக்கு என்றால் என்னவென்று மறந்துபோன இந்தச் சனத்துக்கு அதைத் திருப்பித் தந்தவர் நீர். அந்த நன்றி எங்கள் உயிர் உள்ளவரைக்கும் இருக்கும்.

மாமி உமக்குப் பனங்கட்டி அனுப்பவேண்டும் என்று நிற்கிறா, கொண்டுவர ஆள் கிடைத்தால் வரும். பிள்ளைகளுக்கு எங்கள் அன்பு முத்தம். மருமகளுக்கு எங்கள் ஆசி. போன இடத்திலும் நல்லூரான் உம்மோடு வந்து நிற்கட்டும்; குளிரென்று அவர் பின்வாங்கமாட்டார். நல்ல சேதியோடு நீர் எழுதும் மறுமொழியை எதிர்பார்த்து,

உம்முடைய மாமா,
ச. சிவசுப்பிரமணியம்,
ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர்,
கிளை அமைப்பாளர்.

பி.கு.: மேலே எழுதின முடிவை நம்பிவிடாதேயும். சபையின் பெயரால் போகிற கடிதத்தைச் சபையில் வாசித்துத்தான் அனுப்பவேண்டும் என்று ஏரம்பு அண்ணை ஒற்றைக்காலில் நிற்க, நேற்றைக் கூட்டத்தில் முழுவதையும் வாசித்தேன். எல்லாரும் நல்ல கடிதம் என்று தலையாட்டினார்கள். உம்மை விலத்தின இடம் வந்ததும் மக்டலீன் எழும்பினா.

"ஐயா, உந்தத் தம்பி ஏன் ஊரை விட்டுப் போனவர்?"

"எண்பத்து மூண்டிலை கொழும்பிலை இருந்த வீட்டை எரிச்சுப்போட்டாங்கள் பிள்ளை. உடுத்த உடுப்போடை கப்பலிலை வந்து இறங்கினவன். பேந்து இஞ்சையும் இருக்க ஏலாமல்..."

"அப்ப அவரும் எங்களைப் போல இடம்பெயர்ந்த ஆள்தானே ஐயா? எங்களுக்கு ஒரு சட்டம், அவருக்கு வேறை சட்டமோ?"

முட்டி கொண்டுவர நேரமில்லை, கையைத்தான் உயர்த்தினோம். இந்த முறை ஒரு பக்கம் மட்டும். நீங்கள் எல்லாரும் திரும்பவும் உறுப்பினர்கள். அப்படியானால் உங்களைக் கேளாமல் வாசிகசாலைக்கு நாங்கள் எடுத்த முடிவும் செல்லாது, திரும்பவும் முதலிலிருந்து எண்ணவேண்டும் என்று சொன்னவவும் மக்டலீன்தான். "ஐயோ பிள்ளை, அவை எங்களைவிடக் கனபேர், திரும்ப எடுக்கவேணும் எண்டெல்லோ போட்டிருக்கினம்!" என்று நான் பதறினேன். ஏரம்பு அண்ணையும் இருக்கச் சொல்லிக் கையைப் பிடித்து மறித்துப் பார்த்தார். அவ கேட்கவில்லை. உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு புளியங்கொட்டை கழுவிக் காயவைத்திருக்கிறா. உம்முடையதை எந்த முட்டிக்குள் போடச் சொல்லி எழுதுகிறீரோ, அந்த முட்டிக்குள் தன்னுடைய கையாலேயே போடுவாவாம். மழை இருட்டிக்கொண்டு வருகுது மருமகன், கெதியாய் எழுதும்.